உள்ளே ஆள் இருக்கிறாரா?

தலையில் பலத்த அடிபட்டு, கண்ணைத் திறந்துகொண்டும் நினைவில்லாமல் மாதக் கணக்காகப் படுத்திருப்பவரிடம் பேசுவதால் பயன் உண்டா? காரைக்காலிலும் சுற்றியுள்ள தஞ்சைச் சீமையிலும் சில வீடுகளை இந்தக் கேள்வி அரித்துக் கொண்டிருக்கிறது. நாகப்பட்டினம் சாலையில் பறக்கும் நம் வாலிபர்கள் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டு போகும் வரையில் கேள்வி குறையப் போவதுமில்லை.

1970-களில் ஹாலந்து தேசத்தில், ஏடே என்னும் ஊருக்கருகே, ஹுல்சேகே, ஃபெர்ஹெல் என்ற இருவர் விசித்திரமான ஓர் அறையை அமைத்தார்கள். மங்கிய வெளிச்சம், கண்ணாடிக் குழாயில் நிறம் மாறி மேலெழும் நீர்க்குமிழிகள், அதிரும் மெத்தை, மெல்லிய சங்கீதம், வாசனை. 'ஸ்நூஸெலன்' என்று பெயர். மோந்து பார்த்தல், கண்ணயர்தல் என்ற இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டிச் செய்த பதம் அது. அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்காக ஏற்பட்ட அந்த அறை பிறகு மூளைக் காயம் பட்டவர்களின் சிகிச்சைக்கும் வந்து சேர்ந்தது.

பலன் எப்படி? கோமாவில் கிடப்பவர்களின் புலன்களைத் தூண்டும் சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2002-ல் காக்ரேன் ஸ்தாபனத்தார் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தேறியவை மூன்றே. அவற்றைக் கொண்டு, உதவும் என்றும் சொல்ல இயலவில்லை. உதவாது என்றும் சொல்ல இயலவில்லை. ஆகவே, "குமிழி விளக்கு வாங்கினால் பிள்ளை எழுந்து உட்காருவான்" என்று யாரேனும் சொன்னால், நேயர்கள் பணப்பையை இறுக மூடிக் கொள்வதே உத்தமம்.

அதற்காக நம்பிக்கையையும் மூடிவிட வேண்டாம். 2006-ல் ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானி, விபத்தில் நினைவிழந்திருந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையைப் படமெடுத்தார். ஆரோக்கியமானவர்களின் மூளை எவ்விடத்தில் வேலை செய்யுமோ, அவ்விடத்திலேயே அவள் மூளையும் வேலை செய்தது! 2015-ல் அமெரிக்காவில் தெரேசா பேப் குழுவினர் 15 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உற்றார் குரலிலேயே பழைய குடும்பக் கதைகளைத் தினம் நான்கு வேளை, ஆறு வாரம் கேட்கச் செய்தனர், மற்றவர்களுக்கு மௌனம். கதை கேட்டவர்களே அதிகம் தேறினர். சிறிய பரிசோதனைதான். ஆனால் இதற்கு மின்விளக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதிகமாகத் தூண்டுவதும் ஆகாது. மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் 1973 முதல் 2015-ல் மறையும் வரை தாதியர் பராமரித்த அருணா ஷான்பாக்கை, 2011-ல் சுப்ரீம் கோர்ட் அனுப்பிய வைத்தியர்கள் பார்த்தபோது, அறையில் கூட்டம் சேர்ந்தால் அவர் கலவரமடைந்தார். ஆட்கள் குறைந்தால் அமைதியானார். ஆகவே, பார்க்க வரும் பந்துக்கள் எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்து ஏக காலத்தில் பெயர் சொல்லி அழைப்பது அன்பே ஆயினும் உபத்திரவம். ஒருவர் பேசட்டும், கொஞ்சம் பொறுத்து, விரலோ விழியோ அசைகிறதா என்று பார்த்து, நோட்டில் குறித்து வைத்தியரிடம் காட்டட்டும். மாங்கனித் திருவிழா நடக்கும் ஊராயிற்றே என்று பழத்தை மட்டும் வாயில் ஊட்டிவிட வேண்டாம். விழுங்க இயலாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூக்கருகே காட்டினால் போதும்.