பாதுகாப்பு எண்டால், ஆருக்கு?



இரண்டு அரசுகள் ‘பாதுகாப்பு ஒத்துழைப்பு’ பற்றிப் பேசுகின்றன எண்டு செய்தி வந்தால், எங்களில கனபேர் அதைத் தாண்டிப் போயிடுவம். கூட்டறிக்கையும் அதற்கேற்ற மாதிரித்தான் எழுதப்படுகிறது. ‘பிராந்திய ஸ்திரத்தன்மை’, ‘திறன் மேம்பாடு’, ‘கடல்சார் பாதுகாப்பு’. இந்தச் சொற்கள் கடலில் இறங்கினால் என்ன நடக்கும் எண்டதை ஒருக்கா பார்ப்பம்.

2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய உச்சி மாநாடு நடந்தது. மனித உரிமை நிலவரத்தைக் காரணம் காட்டிக் கனடாப் பிரதமர் ஹார்ப்பர் போகவில்லை. அவுஸ்திரேலியப் பிரதமர் டொனி அபொட் போனார். ஆட்கடத்தலைத் தடுக்க எண்டு சொல்லி, இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை அன்பளிப்பாக அறிவித்தார். 2008–2009 காலத்தில் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட வழக்கில் சந்தேகநபர்களாக நிற்பது அதே கடற்படையின் ஆக்கள்தான்.

அடுத்த வருசம் அதன் பலன் தெரிந்தது. 2014 யூலையில், அடைக்கலம் தேடி வந்த 41 பேரை அவுஸ்திரேலியா கடலிலேயே வைத்துச் சுருக்கமாக விசாரித்து, மட்டக்களப்புக்கு அருகே இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அவர்களில் 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். இந்தக் கணக்கை நான் வேணுமெண்டுதான் சொல்லுறன். பாதுகாப்பு ஒப்பந்தம் ஏழைகளை இனம் பார்த்து விடுவதில்லை.

அதே நாட்களில் புதுச்சேரியில் இருந்து புறப்பட்ட இன்னொரு படகில் 157 பேர் வந்தார்கள், பெரும்பாலும் ஈழத்தமிழர். ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களை நடுக்கடலில் ஒரு கப்பலுக்குள் அடைத்து வைத்தார்கள். 2015 ஜனவரியில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், 4க்கு 3 எண்ட பெரும்பான்மையில், அது சட்டப்படி சரி எண்டு தீர்ப்பளித்தது.

“கடலில் ஆக்கள் சாகிறதைத் தடுக்கிறது நல்ல விசயம்தானே?” எண்டு சிலர் கேட்கினம். நல்ல விசயம்தான். ஆனால் எந்த அரசுக்குப் பயந்து ஒருவர் ஓடுகிறாரோ, அந்த அரசின் கையிலேயே அவரைத் திருப்பிக் கொடுப்பது உயிர் காக்கிற வேலை இல்லை. அடைக்கலம் கேட்கிற உரிமையை இரண்டு அரசுகள் சேர்ந்து பேசி விலை தீர்ப்பதுதான் அது.

இதை நிறுத்த முடியாது எண்டும் நினைக்க வேண்டாம். ஸ்கொட்லாந்துப் பொலிஸ் பல வருசமாக இலங்கைப் பொலிசுக்குப் பயிற்சி கொடுத்தது. செயற்பாட்டாளர்களும் ஊடகவியலாளர்களும் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2021 நவம்பரில், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை எண்டு ஸ்கொட்லாந்துப் பொலிசே அறிவித்தது.

ஆகவே நாங்கள் செய்யக்கூடியது இதுதான். நீங்கள் வாழுகிற நாடும் இலங்கை அரசும் அடுத்த முறை மேசையில் இருக்கும்போது, உங்கட நாடாளுமன்ற உறுப்பினருக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் முழு வாசகம் எங்கே? பயிற்சியும் தளபாடமும் எந்தப் படைப்பிரிவுக்குப் போகுது? அந்தப் பிரிவின் கடந்தகாலத்தை ஆர் சோதித்தது? பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தொழிற்சங்கத்திலும் மாணவர் ஒன்றியத்திலும் அதே கேள்விகளைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

அந்தப் படகுகள் எங்கட வரிப்பணத்தில் வாங்கினது. கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.