வயலுக்கு அடிக்கிற மருந்தில் தமிழ் இருக்கு... நாய்க்கு ஊற்றுகிற மருந்தில் ஏன் இல்லை?

ராதாபுரத்தில் இருக்கும் அத்தை போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நாய்க்கு உண்ணி போக வாங்கிய சின்ன பாட்டில். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "ஏட்டி, இதுல எவ்வளவு ஊத்தணும்னு எங்க போட்டிருக்கு? கடையில ஒரு வாளி தண்ணிக்கு ஒரு மூடின்னு சொன்னாவ."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமிட்ராஸ் 12.5 சதவீதம். எல்லாமே ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில். அளவு சொல்லும் துண்டுச்சீட்டு பாட்டிலோடு வரவே இல்லை.

அதே வீட்டுத் திண்ணை மூலையில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பாவும் இருக்கும். அதில் தமிழ் இருக்கும், நிற முக்கோணம் இருக்கும். எட்டிப் பார்த்தாலே 'இது ஆபத்து' என்று புரியும். இந்த வித்தியாசம் ஏன்?

ஒரே வீடு, இரண்டு சட்டம்

வயல் மருந்து 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1971-ம் ஆண்டு விதிகள் லேபிள் எப்படி இருக்கணும் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கின்றன. லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒரு சாய்சதுரம் வேண்டும். நச்சுத்தன்மை குறையக் குறைய அதன் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என மாறும். சிவப்பு என்றால் மண்டை ஓடும் இருக்கும். இந்தி, ஆங்கிலத்தோடு, விற்கும் பகுதியின் மொழி ஒன்றிலாவது அச்சிட வேண்டும். 'பாதுகாப்பானது', 'தீங்கற்றது' என்றெல்லாம் போட்டு ஏமாற்றவும் கூடாது.

நாய்க்கு உண்ணி மருந்து வாங்கினால் அது 1940-ம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கணக்கில் வருகிறது. கால்நடை மருந்துக்கு அங்கே உள்ள தனி அடையாளம் இரண்டுதான்: 'மனிதர்களுக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்' என்ற வாசகம், வீட்டு விலங்கின் தலைப் படம் ஒன்று. நச்சுத்தன்மையைக் காட்டும் நிறம் கிடையாது. கையில் கிடைக்கும் பாட்டில்களில் பெரும்பாலும் தமிழும் கிடையாது.

இத்தனைக்கும் சில மருந்துகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு அடிக்கிற ஃபிப்ரோனில், நாய்க்கான ஸ்ப்ரேயிலும் இருக்கிறது. டெல்டாமெத்ரினும் வயலுக்கும் உண்டு, கால்நடைக்கும் உண்டு. பொருள் அதே பொருள். எச்சரிக்கை மட்டும் வேற.

இது சின்ன விஷயமா?

இல்லை. 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் ஒரு மில்லியில் 125 மில்லிகிராம். தண்ணீரில் கலக்காமல் தொடவே கூடாத செறிவு. ஒவ்வொரு பாட்டில் மூடியும் ஒவ்வொரு அளவு. 'வாளி' பத்து லிட்டரா, இருபதா? அளவு கூடினால் நாய் சோர்ந்து படுத்துவிடும், இதயத் துடிப்பு குறையும், சர்க்கரை ஏறும். பெர்மெத்ரின் கதை இன்னும் மோசம். நாய் தாங்கிக்கொள்ளும் அளவே பூனையைக் கொன்றுவிடலாம்.

மனிதர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. அமிட்ராஸைக் குடித்துவிட்டவர்களுக்கு மயக்கம் வரும், கண்மணி சுருங்கும், நாடித்துடிப்பு குறையும். பார்ப்பதற்கு வயல் மருந்து விஷம் மாதிரியே இருக்கும். ஆனால் சிகிச்சை வேறு. இதைக் குழப்பிக்கொண்ட நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. அந்த நேரத்தில் டாக்டருக்கு முதலில் கிடைக்கும் துப்பு, பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள்தான்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில், தோலில் சொட்டு விடும் மருந்துகளால் பாதிப்பு என்று 2008-ல் மட்டும் 44,000-க்கும் மேல் புகார்கள் பதிவாகின. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றை ஆராய்ந்து, 2010 மார்ச்சில் லேபிளை மாற்றச் சொன்னது: நாய்க்கா, பூனைக்கா என்பது பளிச்சென்று தெரியணும், உடல் எடைக்கு ஏற்ற அளவு துல்லியமாக இருக்கணும், நாய் மருந்துக்கும் பூனை மருந்துக்கும் ஒரே மாதிரி பெயர் வைக்கக் கூடாது. உண்ணிக்கு வாயில் கொடுக்கும் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம் என்று 2018-ல் அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதுவும் லேபிளில் ஏறியது.

அங்கே மருந்துகளைத் தடை செய்துவிடவில்லை. புகாரை எண்ணினார்கள், லேபிளைத் திருத்தினார்கள். நம்ம ஊரில் நாய் செத்தால் அந்தச் செய்தி அடுத்த தெருவைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

'டாக்டர் சொல்லித்தானே போடணும், லேபிள் எதுக்கு?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் டாக்டர் சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும். பாட்டில் மட்டும் ஆறு மாதம் பரணில் இருக்கும். அடுத்த தடவை ஊற்றப்போவது அத்தையா, பக்கத்து வீட்டுப் பையனா என்பது யாருக்கும் தெரியாது.

'சின்ன பாட்டிலில் இடம் எங்கே?' என்பது அடுத்த சாக்கு. நாய்ப் படம், அதற்குப் பக்கத்தில் எடை. பூனைப் படம், அதன் மேல் ஒரு சிவப்பு பெருக்கல் குறி. இதற்கு மொழியே தேவையில்லை. கூடவே தமிழ்த் துண்டுச்சீட்டு, மில்லி கோடு போட்ட அளவு மூடி. மத்திய சுகாதார அமைச்சகம் மருந்து விதிகளில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான். வயலுக்கு 1971-லேயே முடிந்தது, நாய்க்கு இன்னும் ஏன் முடியவில்லை? விதி வரும்வரை, நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடங்கள் ஒரு தமிழ் அளவு அட்டவணை போட்டு மருந்துக்கடைகளில் ஒட்டச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

• உங்கள் நாயின் எடை தெரியாமல் உண்ணி மருந்து வாங்காதீர்கள்.
• மூடியால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.
• நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். வயல் மருந்தை எந்தப் பிராணிக்கும் போடாதீர்கள்.
• கையுறை போடுங்கள். மருந்து காயும்வரை பிள்ளைகளை நாயிடம் விடாதீர்கள்.
• நாய்க்கோ மனிதருக்கோ ஏதாவது ஆனால், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962.

அத்தையிடம், "ஊத்தாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். நல்லவேளை, ஊற்றுவதற்கு முன்னாடி கேட்டார். கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் அந்த லேபிள்தான் பதில் சொல்லணும். அது தமிழில் சொல்லட்டும்.