ராபர்ட் கோக் எழுதிய மூன்று கட்டுரைகள்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை அளக்கப் புகுவார், அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்துணை, அவற்றைப் பிறர் எடுத்தாண்டது எத்துணை முறை என எண்ணிப் பார்த்தல் இந்நாள் வழக்காகிவிட்டது. எண்ணுதல் எளிது, படித்தல் அரிது. ஆதலின் எளியதனையே உலகம் மேற்கொண்டது போலும்! எண்ணிக்கை ஒருவரது உழைப்பைக் காட்டுமேயன்றி அவர் கூற்றின் உறுதியைக் காட்டாது என்பது எம் கருத்து. காசநோய்க் கிருமியைக் கண்ட ஜெர்மானியப் பேரறிஞர் ராபர்ட் கோக்கின் கட்டுரைகள் மூன்றினை நோக்குவார்க்கு இது விளங்கும்.

முதலாவது, 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் உடலியற் கழகத்திற் படிக்கப்பெற்று, ஏப்ரல் 10-இல் அச்சேறியது. மாந்தருள் எழுவரில் ஒருவர் இந்நோயால் மடிகின்றனர் என்று அவர் அதன்கண் கணக்கிட்டார். அக்காலத்தார் பலர் இந்நோய் பரம்பரையால் வருவதென்றே கொண்டிருந்தனர். கோக்கோ, நோயுற்ற உறுப்பினின்றும் எடுத்ததை எச்சாயத்தில் ஊறவைத்தார், வெப்பத்தால் இறுகச் செய்த குருதிநீரின்மேல் கிருமியை எங்ஙனம் வளர்த்தார், அதனைக் கினிப் பன்றிகட்குச் செலுத்தி அந்நோயையே எங்ஙனம் விளைத்தார் என யாவற்றையும் ஒளியாது விரித்துரைத்தார். நுண்பெருக்கிகளையும், இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுப் பொருள்களையும் உடன்கொணர்ந்து, ஐயுறுவார் தாமே கண்டு தெளியுமாறு வைத்தார். அவையோர் ஒரு வினாவும் எழுப்பாது வாளா இருந்தனர். அங்கிருந்த பால் எர்லிக் என்னும் இளைஞர் சின்னாளில் அச்சாயமிடும் முறையினும் சிறந்ததொன்றைக் கண்டார். முறை தெளிவாகச் சொல்லப்பட்டமையாலன்றோ அதனைத் திருத்தவும் இயன்றது?

எட்டாண்டுகள் கழிந்தன. 1890 ஆகஸ்டில் பெர்லினிற் கூடிய உலக மருத்துவப் பேரவையில், காசநோயின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைத் தாம் கண்டதாகக் கோக் அறிவித்தார். நவம்பரில் கட்டுரை வந்தது. அம்மருந்து பழுப்பு நிறமான தெளிந்த நீர்மம் என்றார். அஃது எதிலிருந்து வந்தது, எங்ஙனம் ஆக்கப்படுவது என்பதை மட்டும் சொல்லாது விடுத்தார். மேற்கோளின்றி உரைகூறும் உரையாசிரியரை எம் வகுப்பில் எவரும் விடுவதில்லை. ஈண்டோ உலகமே நம்பிற்று. நோயாளர் திரள்திரளாகப் பெர்லின் நோக்கிச் சென்றனர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில், தாமும் மருத்துவராதலின், அங்குச் சென்று கண்டு, அளவுகடந்த நம்பிக்கை தகாதென எழுதினார். மருந்தோ நோயைத் தீர்க்கவில்லை. கடுங் காய்ச்சலை எழுப்பியது. சிலர்க்கு நோயைப் பரப்பவுஞ் செய்தது. மாண்டாருடலை அறுத்துச் சோதித்த விர்கோ என்னும் முதுபெரும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார்.

1891 ஜனவரியில் வெளிவந்தது மூன்றாவது கட்டுரை. அம்மருந்து, வளர்த்த கிருமிகளினின்றும் கிளிசரினால் வடித்தெடுத்த சாறே எனக் கோக் அதில் வெளிப்படுத்தினார். அதனோடு ஒரு நுட்பமான செய்தியும் இருந்தது. நோயற்ற கினிப் பன்றியின் தோலிற் கிருமியைச் செலுத்தின், பத்துப் பதினான்கு நாள் கழித்தே கட்டி தோன்றிப் புண்ணாகி, அவ்விலங்கு சாமளவும் ஆறாது நிற்கும். முன்னரே நோயுற்றதற்குச் செலுத்தினாலோ, இரண்டொரு நாளில் அவ்விடம் இறுகிக் கருகி உதிர்ந்து விரைவில் ஆறிவிடும். உடல் தன் பகையை நினைவில் வைத்திருந்தது! இதனைத் தொடர்ந்தே 1907-இல் பிர்க்கே தோலைக் கீறியும், 1908-இல் மாந்தூ தோலினுள் ஊசியாற் செலுத்தியும் நோய்த்தொற்றை அறியும் சோதனைகளை வகுத்தனர். அவ்வுணர்ச்சியை ஓர் உயிரினின்று மற்றோருயிர்க்குக் கொண்டு செல்வன உயிரணுக்களே என 1945-இல் மெரில் சேஸ் காட்டினார். நோயெதிர்ப்பியலில் ஒரு பெருங்கிளை இங்ஙனம் தழைத்தது.

பின்னர் விளைந்த நன்மையை நோக்கி மறைத்த குற்றத்தைப் பொறுக்கலாகாதோ என்பாரும் உளர். அந்நன்மை மறைத்த கட்டுரையால் விளைந்ததன்று. மறைவை நீக்கிய கட்டுரையால் விளைந்தது. 1890 நவம்பர்க் கட்டுரையைக் கையிற்கொண்ட வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்திற் செய்து பார்த்தற்கு அதில் யாதொன்றும் இல்லை. பெர்லினிலிருந்து மருந்துச் சீசா வருமளவும் காத்திருந்து, வந்தபின் அதனைத் தம் நோயாளர்க்கு இட்டுப் பார்ப்பதொன்றே அவர் செய்யக்கூடியதாயிருந்தது.