பின் சீட்டுக்கடியில் ஒரு சத்தம்



கார்ப் பழுதைப் பற்றிப் பெண்களுக்கு எதற்காக எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். மஹியங்கனை வீதியில் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

எமது வீட்டில் இருப்பது முப்பது வருடம் பழைய ஜப்பான் கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அதனால் இருக்கும் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ரீகண்டிஷன் எஞ்சினைப் பூட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. நானும் அதையே செய்தேன். எமது பழைய எஞ்சின் காபுரேட்டர் வகை. புதிதாகப் பூட்டியது இன்ஜெக்டர் வகை.

இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்றுக் கவனியுங்கள். காபுரேட்டர் எஞ்சினுக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில், ஒரு பாரில் கால் பங்கு அளவில், பெற்றோல் போனால் போதும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் சிறிய பம்ப் ஒன்று, எஞ்சின் சுழலும்போது தானும் இயங்கி அதைக் கொடுத்துவிடும். அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. இன்ஜெக்டர் எஞ்சினுக்கோ ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தேவை. அதைக் கொடுப்பது பெற்றோல் தாங்கிக்குள் அமிழ்ந்திருக்கும் மின்சாரப் பம்ப். பெரும்பாலான கார்களில் அது பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அப்படியாயின், மின்சாரப் பம்பே இல்லாதிருந்த பழைய காரில் அதற்குரிய வயர் எங்கிருந்து வரும்? யாராவது புதிதாக இழுத்தாக வேண்டும். எமக்குச் சோதனை ஆரம்பமானது அங்கேதான்.

மஹியங்கனைப் பக்கம் உறவினர் வீட்டு வலீமாவுக்குப் போய்விட்டு, அஸருக்குப் பின் குடும்பத்தோடு திரும்பினோம். ஹஸலக்கையைத் தாண்டி, பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் ஏறும்போது கார் இரண்டு முறை இழுத்துக் குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் லொறி ஒன்று. ஒரு பக்கம் பள்ளம். காரினுள்ளே மாமியும் பிள்ளைகளும். அரை மணித்தியாலம் கழிந்த பின் எதுவும் நடவாதது போல ஸ்டார்ட் ஆகியது. ஹுன்னஸ்கிரியவுக்கு முன்னர் மீண்டும் நின்றது. திகனக்கு வந்து சேர இஷாவும் கடந்துவிட்டது.

மறுநாள் கராஜில் காட்டினேன். “பம்ப் போய்விட்டது” என்றார்கள். மாற்றினோம். பத்து நாட்களில் அதே வருத்தம். “இந்தப் பம்பும் சரியில்லை” என்றார்கள். மீண்டும் மாற்றினோம். கண்டிக்குப் போய்வரும்போது ஒன்றுமில்லை; மலை ஏறினால் நின்றது.

அப்போது என் மனைவி கேட்டார்: “நீங்க திறப்பத் திருப்பினதும் பின் சீட்டுக்கடியில ஒரு இரைச்சல் வரும். கார் நிண்ட நேரங்கள்ல அது வரல்ல. வந்தாலும் மெலிஞ்சுதான் வந்திச்சு. அத பாஸுக்குச் சொன்னீங்களா?”

நான் சொல்லியிருக்கவில்லை. பின் சீட்டில் அமர்ந்திருந்தவருக்குக் கேட்டது, முன்னால் இருந்த எனக்குக் கேட்டிருக்கவுமில்லை.

இம்முறை திகன பஸாரிலுள்ள வயரிங் பாஸ் ஒருவரிடம் போய், மனைவி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பம்பைக் கழற்றவில்லை. பின் சீட்டைத் தூக்கினார். பம்பை ஓடவிட்டு மீற்றரை வைத்துப் பார்த்தார். பற்றரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. பம்பின் இணைப்பிலோ 9 வோல்ட்தான். 3 வோல்ட் வழியிலேயே காணாமற் போயிருந்தது!

கார்பெட்டைத் தூக்கியபோது விடயம் தெரிந்தது. எஞ்சின் மாற்றியபோது, வேறொரு வேலைக்கென இருந்த மெல்லிய வயரிலிருந்து பம்புக்கு மின்சாரம் எடுத்திருந்தார்கள். மூட்டைக் கையால் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப் உருகிக் கருகியிருந்தது. பொடியோடு பூட்டியிருந்த எர்த் வயரின் அடியிலோ பெயின்ட்டும் துருவும். பம்ப் 5 அம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் வழியில் தொலைந்தால், அது 15 வாட் வெப்பமாகிறது. ஈயம் பற்றவைக்கும் சிறிய கோல் ஒன்று கார்பெட்டுக்கடியில் எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். சூடேற மூட்டு இன்னும் பழுதாகிறது, பம்ப் தளர்கிறது, மலையில் எஞ்சின் அதிக பெற்றோல் கேட்கும்போது கொடுக்க முடியாமல் நிற்கிறது. ஆறியபின் மீண்டும் ஓடுகிறது. இரண்டு பம்புகளை நாம் வீணாகக் குற்றஞ்சாட்டிவிட்டோம்.

ஆனால் பாஸ் சொன்ன அடுத்த விடயம்தான் என்னை உறங்கவிடவில்லை. கம்பனி செய்த பல இன்ஜெக்டர் கார்களில், திறப்பை ‘ஓன்’ நிலைக்குத் திருப்பியதும் பம்ப் இரண்டு மூன்று நொடிகள் ஓடி, எஞ்சின் சுழலாவிட்டால் நின்றுவிடும். இதைச் செய்வது எஞ்சினின் கம்பியூட்டரும் ரிலேயும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எமது காரில் ரிலே இருக்கவில்லை. திறப்பிலிருந்து நேராகப் பம்புக்கு இணைத்திருந்தார்கள். கார் கவிழ்ந்து குழாய் உடைந்தாலும் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கும், பிள்ளைகள் அமர்ந்திருக்கும் சீட்டுக்கடியில்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் காரும் எஞ்சின் மாற்றியதாக இருந்தால், இன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கணவர் திறப்பை ‘ஓன்’ செய்யட்டும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நீங்கள் பின் சீட்டில் அமர்ந்து காது கொடுங்கள். இரைச்சல் சில நொடிகள் கேட்டு நின்றால் நல்லது. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் போகாதிருக்கலாம், அல்லது பம்ப் பழுதாகியிருக்கலாம். நிற்காமல் தொடர்ந்து கேட்டால், எமது காரைப் போல நேராக இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். கார் நன்றாக ஓடினாலும் வயரிங் பாஸிடம் காட்டுங்கள்.

கார் நின்றுவிட்டால் பார்க்கும் ஒழுங்கு இதுதான். முதலில் தாங்கியில் பெற்றோல் உண்டா? மாற்றிய கார்களில் முள் பொய் சொல்வதுண்டு. அடுத்து பியூஸ். எரிந்திருந்தால் அதே அம்பியர் உள்ளதையே போடுங்கள். சிகரட் தாளைச் சுற்றிப் போடுவது நெருப்புக்கு அழைப்பு. போட்டதும் மீண்டும் எரிந்தால் எங்கோ வயர் உரசுகிறது, அதற்குமேல் ஓட்டக்கூடாது. பின்னர் ரிலே, அதே வகை ஹோர்ன் ரிலே இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். அதன் பிறகு, பம்ப் ஓடும்போதே அதன் இணைப்பில் வோல்ட் பார்க்க வேண்டும். ஓடாத நேரத்தில் அளந்தால் கருகிய வயரும் 12 வோல்ட் காட்டும். பிறகு எர்த். இவையெல்லாம் சரியாக இருந்து, பெற்றோலின் அழுத்தம் மட்டும் குறைந்தால்தான் பில்டரையும் பம்பையும் குறை சொல்லலாம். “வோல்ட் பார்த்தீர்களா?” என்று கராஜில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு பம்பின் விலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. பம்பைக் குளிர வைப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெற்றோல்தான். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் அடித்தாங்கியோடு ஓடிப் பழகிவிட்டோம். அப்பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும். கால் தாங்கிக்குக் கீழே போக விடாதீர்கள்.

காரினுள் பெற்றோல் மணத்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். எமது மலைநாட்டுக் குளிரிலும் பெற்றோல் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது; அதன் ஆவி காற்றைவிடப் பாரமாகையால் கீழேயே தேங்கும். ஓரமாக நிறுத்தி, திறப்பை அணைத்து, பிள்ளைகளோடு இறங்கித் தள்ளி நில்லுங்கள். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலர் தூள் தீயணைப்பான் ஒன்று காரில் இருக்கட்டும். எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

எமது காரில் இப்போது தடித்த புது வயரும், பற்றரிக்கு அருகிலேயே பியூஸும், எஞ்சின் நின்றால் பம்பை நிறுத்தும் ரிலேயும் இருக்கின்றன. பயணத்துக்கு முன் பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருப்பிவிட்டு, ஒரு கணம் பேசாமல் இருப்பேன். பின்னாலிருந்து மனைவி, “கேட்டுச்சு, நிண்டுட்டு” என்பார். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன்.