உப்பைக் குறைச்சோம், பொட்டாசியம் ஏறிடுச்சு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மாத்திரை பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், ரெண்டு வருஷமா பிரஷர். தினமும் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னதும் அம்மா 'லோ சோடியம்' உப்புக்கு மாறினாங்க. முட்டி வலிக்கு அப்பாவே கடையில கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்குவார். வெயில்னு தினம் ஒரு இளநீர் வேற. ரத்தம் டெஸ்ட் பண்ணினா பொட்டாசியம் 5.7! அஞ்சுக்குள்ள இருக்கணுமாம். ரொம்பக் கூடினா இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், அதுவும் பல பேருக்கு முன்னாடி எந்த அறிகுறியும் இல்லாம.

டெல்மிசார்டன் ஆல்டோஸ்டிரோனைக் குறைக்குது. அது குறைஞ்சா சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்றதும் குறையும். அந்த உப்புலயோ சோடியம் குளோரைடு கொஞ்சத்தை எடுத்துட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்காங்க. இளநீர்லயும் அதேதான். வரவு ஏறுது, செலவு நிக்குது (நமக்குத் தெரிஞ்ச பாஷை இதானே :-)). வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு இருக்கிற வழியையும் அடைக்கும், போதாததுக்குப் பிரஷரையும் ஏத்தும்.

தனித்தனியா பார்த்தா எதுவும் தப்பில்லை. உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில இந்த வகை உப்பைப் பெரியவங்களுக்குப் பரிந்துரைச்சது. ஆனா சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, பொட்டாசியம் வெளியேறாத நிலையில இருக்கிறவங்களுக்கு இல்லைன்னு விலக்கும் வெச்சது. எங்க வீட்டுப் பாக்கெட்லயும் எச்சரிக்கை இருக்கு. இங்கிலீஷ்ல, எறும்பு சைஸ்ல.

என் கோபம் அங்கதான். கடையில ஸ்ட்ரிப்பைக் கத்தரிச்சு நாலு மாத்திரை குடுக்கிறாங்க. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க சார்?"னு ஒரு கேள்வி கேட்டா என்ன குறைஞ்சிடும்? பாலன்ஸ் ஷீட்ல அடிக்குறிப்பைப் படிக்காம விடாதேன்னு எங்களுக்கு கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க. பங்கு வாங்குறவனுக்கு அடிக்குறிப்பு கட்டாயம், மாத்திரை முழுங்குறவருக்குத் தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இது எனக்குச் சரியாப் படலை.

(இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமிகளா. அது இன்னும் ஆபத்து. டாக்டர்கிட்ட பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கணுமான்னு கேளுங்க, அவ்ளோதான்.)

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கி, மத்ததை நிறுத்தச் சொன்னார். ரெண்டு வாரத்துல 4.8. அம்மாதான் இன்னும், "நல்லதுன்னு நெனச்சுத்தானேடா வாங்கினேன்"னு சொல்லிட்டே இருக்காங்க.