அழுதுகொண்டே இருப்பது தாழ்மையா?

சாகும்வரை பாவத்தை நினைத்து அழுவதே பக்தி என்கிறார் ராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு அதில் சம்மதமில்லை.

சொத்துத் தகராறில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தம்பியோடு பேசாமலே இருந்துவிட்டேன், அவனும் போய்விட்டான். அதன்பின் 7 வருடம் திருவிருந்துக்குப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தாழ்மை என்று நினைத்தேன், அது அவிசுவாசம். அறிக்கையிட்டால் மன்னிப்பேன் என்றவரைப் பொய்யராக்கினேன்.

ஒரே இரவில் யூதாசும் விழுந்தான், பேதுருவும் விழுந்தார். இருவருமே மனம் கசந்தார்கள். ஒருவன் கயிற்றைத் தேடினான். மற்றவர் ஆண்டவரிடம் திரும்பினார்.

அன்று நம் ஊர்களும் சேர்ந்திருந்த திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்த ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். அதற்கு மூலம் ஜான் பனியன் 1678-இல் எழுதிய கதை. அதில் சந்தேகக் கோட்டையில் அடைபட்டு அடிவாங்கும் பயணியின் மடியிலேயே வாக்குத்தத்தம் என்ற சாவி இருக்கிறது. அவன்தான் மறந்திருந்தான்.

"அப்படியானால் துணிந்து பாவம் செய்யலாமா?" என்பார்கள். 7 வருட அழுகை என்னைத் தம்பி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. மன்னிப்பை நம்பிய வாரமே போனேன். தம்பி மனைவிக்குச் சேரவேண்டிய பங்கை எழுதிக்கொடுத்தேன்.

கடைசி பெஞ்சுக்காரர்களே, எழுந்து வாருங்கள்.