சீட்டுக்கு அடியில் ஒரு ஜாக்கெட்

பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகைத் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று நுரைக்கிறது. நுரைக்குள் விழுந்தவனைக் கரையில் நிற்பவன் தேடிக்கொண்டுதான் இருப்பான். இப்படிப்பட்ட நீரில் தூண்டில் போட ஆசைப்பட்டுப் படகு வாங்குகிறவர், லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் காசை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை. ஓசூரில் ஹெல்மெட் வாங்குவதும் இப்படித்தான். போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

மிதவைத் திறன் 50 நியூட்டன் என்று அச்சிட்ட ஜாக்கெட், நீந்தத் தெரிந்தவனுக்குக் கரையருகே கைகொடுக்கும். மயங்கியவனைத் திருப்பிப் போடாது. கழுத்துப் பட்டையுள்ள 100 நியூட்டன் ஜாக்கெட், அமைதியான நீரில் முகத்தை மேலே திருப்புவதற்கென்றே செய்யப்படுவது. என் ஓட்டு அதற்கே. நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும், விசிலும் வேண்டும். கடையிலேயே போட்டு, பட்டைகளை இறுக்கி, ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குத் தொடையிடுக்குப் பட்டை இல்லாததை வாங்கவே வேண்டாம். பெரியவர் ஜாக்கெட்டிலிருந்து பிள்ளை வழுக்கி வெளியே வந்துவிடும்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. நம் ஆட்களோ, வாங்கியதையும் சீட்டுக்கு அடியில் திணிக்கிறார்கள், அல்லது மெத்தையாக்கி உட்கார்ந்துகொள்கிறார்கள். நசுங்கிப்போன ஃபோம் மிதக்கும் திறனை இழக்கும்.